வைணவப் பிரிவுகளில் நான் தென்கலை, நான் மணக்கப்போகிறவர் வடகலை. திருமணத்துக்குப் பிறகு இதனால் பிரச்சினை வருமா?

இரு வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரும். நானும் தென்கலையில் பிறந்து வடகலையில் வாழ்க்கைப்பட்டவள்தான்.

தத்துவச் சண்டைக்கு யாரும் வர மாட்டார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வது போல நாம் பெருமாளைப் பற்ற வேண்டுமா, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொள்வது போல அவரே நம்மை எடுத்துக்கொள்வாரா என்ற விவாதம் எங்கள் வீட்டில் ஒருநாளும் எழுந்ததில்லை. புகுந்த வீட்டில் முதல் நாள் பெரியவர்களை ஒருமுறை விழுந்து சேவித்துவிட்டு எழுந்துவிட்டேன். "இங்கே நான்கு முறை அம்மா" என்றார் மாமியார், அத்தனை பேர் முன்னால். வீட்டுப் பூஜையான திருவாராதனத்தில் மணி அடிப்பதும் எனக்குப் பழக்கமில்லை. அதற்கும் ஒரு சொல் விழுந்தது.

இவையெல்லாம் ஆறிவிட்டன. ஆறாதது ஒன்று உண்டு. ஒரு மார்கழியில் அப்பா எங்களோடு தங்கியிருந்தார். விடியற்காலை பூஜையிடமான கோயிலாழ்வார் முன் அமர்ந்து, சிறு வயதிலிருந்து சொல்லிவந்த "ஸ்ரீசைலேச தயாபாத்ரம்" தனியனை (பாசுரங்களுக்கு முன் சொல்லும் போற்றிச் சுலோகம்) தொடங்கினார். இந்த வீட்டில் "ராமானுஜ தயாபாத்ரம்"தான். மாமனார் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். திருப்பாவை முப்பதையும் அப்பா தனியாகவே சொல்லி முடித்தார். மறுநாள் அந்தத் தனியனை விட்டுவிட்டு, இரு கலையாருக்கும் பொதுவான "நீளா துங்க"விலிருந்து தொடங்கினார். அதற்கு முன் உதடுகள் மட்டும் சற்று அசைந்தன. எனக்காகத்தான் விட்டார். அடுப்படியில் நின்று அழுதேன்.

மாமனாரைத் தூற்றுகிறேன் என்று யாரும் வர வேண்டாம். பின்னாளில் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்தவர் அவர்தான். எல்லா வடகலை வீடும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் எதைச் சொல்வது என்ற வழக்கு பிரிட்டிஷ் காலத்திலேயே நீதிமன்றம் ஏறியது, இன்றும் ஓயவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த மனிதர் அவர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரமும் மனப்பாடம். ஆனாலும் நான் சேவித்த எந்தக் கோயிலிலும் பாசுரம் ஓதும் கோஷ்டியில் அவருக்கு இடமில்லை. ஓரமாக நின்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இதற்காக எந்தக் கலையாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

மணியும் சேவிப்பதும் உங்களுக்குப் பழகிவிடும். உங்கள் அப்பா வந்து தங்கினால் அவருடைய தனியனை வாய்விட்டுச் சொல்லலாமா என்று மணக்கப்போகிறவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.