மாவு இரைக்கு எந்த முள்? ட்ரவுட் பிடிப்போர் கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்

குளிர் தொடங்கி, கலிஃபோர்னியாவின் தாழ்நில ஏரிகளில் பண்ணை ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடும் பருவம் வந்ததும், மாவு இரையைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தூண்டில் முள்ளைப் பற்றியவை. மாவின் நிறத்துக்கும் வாசனைக்கும் மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் முள்ளைக் கையில் அகப்பட்டபடி எடுத்துக் கட்டிவிடுவதைக் கரையில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: ஃப்ரீமாண்டில் வசிக்கிறேன். குவாரி லேக்ஸில் வானவில் ட்ரவுட் பிடிப்பதற்காக, குப்பியில் விற்கும் மிதக்கும் மாவை வாங்கினேன். கடையில் முட்கள் 6 முதல் 18 வரை பல எண்களில் தொங்குகின்றன. எதை வாங்குவது?

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். எண் கூடக் கூட முள் சிறியதாகும். 18 என்பது மிகச் சிறியது, 6 என்பது அதைவிடப் பெரியது. 1-ஐத் தாண்டிய பிறகு 1/0, 2/0 என்று எழுதத் தொடங்குவார்கள், அங்கிருந்து எண்ணோடு அளவும் பெருகும். ட்ரவுட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை.

இந்த ஏரிகளில் விடப்படும் மீன்களில் பெரும்பாலானவை 10 முதல் 12 அங்குலம் வரை இருக்கும். அவற்றுக்கு ஒற்றை முள் என்றால் 10 அல்லது 12, மூன்று முனைகள் கொண்ட ட்ரெபிள் முள் என்றால் 16 அல்லது 18 போதும். இவ்வளவு சிறிய முள் போதுமா என்ற ஐயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் இங்கே முள்ளின் அளவைத் தீர்மானிப்பதில் மீனின் பருமனைவிட மாவின் மிதப்புக்கே பங்கு அதிகம்.

அது எப்படி என்று சொல்கிறேன். வழக்கமான அமைப்பில் கோலிலிருந்து வரும் முதன்மைத் தூண்டில் நரம்பு ஓர் ஈயக்குண்டின் துளை வழியே தடையின்றி ஓடும். குண்டுக்குக் கீழே ஸ்விவல் என்ற ஒரு சிறிய சுழலும் இணைப்பானும், அதிலிருந்து 18 முதல் 24 அங்குல நீளமுள்ள மெல்லிய லீடர் நரம்பும், அதன் நுனியில் முள்ளும் இருக்கும். குண்டு ஏரியின் அடியில் போய்த் தங்கும்போது, மிதக்கும் மாவு முள்ளையும் தூக்கிக்கொண்டு லீடரின் நீளத்துக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். ட்ரவுட் பெரும்பாலும் அடித்தரைக்குச் சற்று மேலே சுற்றித் திரிந்து இரை தேடும் மீன், ஆகவே அதன் கண்மட்டத்தில் உருண்டை நிற்க வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் முழு நோக்கம். முள் கனமாக இருந்தால் உருண்டை பாசிக்குள்ளோ சேற்றிலோ அமிழ்ந்து கிடக்கும், நீங்களும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ஏன் கடிக்கிறது என்று மாலை வரை வியந்துகொண்டிருப்பீர்கள்.

இதைச் சோதிக்க அரை நிமிடம் கூட ஆகாது. மாவு உருட்டிய முள்ளைக் காலடித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அது தயங்காமல் மேலே வந்தால் வீசலாம். அமிழ்ந்தாலோ பாதியில் நின்றாலோ, மாவைக் கூட்டுவதற்கு முன் முள்ளைக் குறைத்துப் பாருங்கள். உருண்டை பெரிதானால் மீன் அதன் ஓரத்தைக் கடித்துக்கொண்டு முனையைத் தொடாமலே போய்விடும். ட்ரெபிள் முள்ளில், பட்டாணி அளவு உருண்டைக்கு 18, அதைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக்கு 16 என்ற கணக்கு எனக்குப் பெரும்பாலும் பிசகியதில்லை. ஒரே எண்ணிலும் கம்பியின் தடிப்பு வேறுபடும் என்பதால், மெல்லிய கம்பி முள்ளைக் கேட்டு வாங்குங்கள். லீடருக்கு 4 பவுண்டு இழுவையைத் தாங்கும் நரம்பு போதும், நீர் மிகத் தெளிவாக இருந்தால் 2 பவுண்டு.

கேள்வி: ட்ரெபிள் முள் நல்லதா, ஒற்றை முள் நல்லதா? கரையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு தரப்பும் தங்கள் பயனுக்கு ஏற்ற உண்மையைத்தான் சொல்கிறார்கள். மாவைப் பிடித்து வைப்பதில் ட்ரெபிள் முள்ளுக்கு ஈடில்லை. மூன்று வளைவுகளுக்கு இடையே மாவு கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், வீசும்போது கழன்று பறக்காது, மீன் எந்தப் பக்கத்திலிருந்து வாயில் எடுத்தாலும் ஒரு முனையாவது படும். சிலவற்றில் தண்டைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பியும் இருக்கும், மாவு இரைக்கென்றே செய்யப்பட்டவை அவை.

ஆனால் அதே மூன்று முனைகள் மீனின் வாய்க்குள் மூன்று இடங்களில் தைக்கக்கூடும். கழற்ற நேரமாகும், அந்த நேரமெல்லாம் மீன் தண்ணீருக்கு வெளியே கையில் நெளிந்துகொண்டிருக்கும். ஆகவே வீசுவதற்கு முன்பே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இன்று பிடிப்பதைச் சமைக்கப் போகிறீர்களா, விடப் போகிறீர்களா? சமைக்கப் போகிறீர்கள் என்றால் 16 அல்லது 18 எண் ட்ரெபிள் முள்ளைக் கட்டுங்கள். பெரும்பாலான கலிஃபோர்னிய ஏரிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 ட்ரவுட் என்பது வரம்பு, அது நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். ஒரு மீனையாவது திரும்ப விடும் எண்ணம் இருந்தால், எக் ஹுக் என்று விற்கப்படும், குட்டைத் தண்டும் அகன்ற வாயும் கொண்ட ஒற்றை முள்ளை எடுங்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவு இரையில் பிடித்து விடுவது என்பதே நல்ல இணை அல்ல. மணமும் சுவையும் உள்ள இரையை மீன் துப்புவதற்குப் பதிலாக விழுங்கவே முயலும். பிடித்து விடுவதில் மட்டுமே விருப்பமுள்ளவர்கள் முள்ளில் பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈயையோ சுழல் தகட்டையோ கையாள வேண்டும். பண்ணை மீன்கள் பிடித்து உண்பதற்காகவே விடப்படுபவை, அவற்றை வரம்புக்குள் உண்பதில் எந்தத் தவறும் இல்லை.

கேள்வி: ஊரில் கோதுமை மாவும் பிண்ணாக்கும் பிசைந்து கெண்டை பிடித்துப் பழகியவன் நான். அந்த முள்ளும் அந்த மாவும் இங்கே ட்ரவுட்டுக்கு உதவாதா?

உங்கள் பழக்கத்தில் பாதி நேராக உதவும். மீனின் மெல்லிய இழுப்பை நரம்பில் உணர்வதும், அவசரப்படாமல் காத்திருப்பதும் எந்த ஊரிலும் ஒன்றுதான். மாற வேண்டியது முள்ளும் மாவும். கெண்டை இனங்களில் பல தரையை முகர்ந்து இரையை உறிஞ்சி எடுப்பவை, அவற்றுக்கு அடியில் கிடக்கும் கெட்டி உருண்டையும் அதைத் தாங்கும் தடித்த முள்ளும் சரி. ட்ரவுட்டுக்கு அதே உருண்டையை வைத்தால், அது மீன் திரியும் மட்டத்துக்குக் கீழே பாசியில் மறைந்துவிடும்.

வீட்டு மாவையே கையாள விரும்பினால், பூண்டும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசையுங்கள், இரண்டும் அமெரிக்க ட்ரவுட் பிடிப்போரிடம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. அந்த மாவு தானாக மிதக்காது என்பதால், சிறிய மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்றை முள்ளின் காதுப் பக்கம் ஏற்றிவிட்டு, வளைவில் மாவை உருட்டுங்கள். மிட்டாயின் மிதப்பு மாவைத் தூக்கிக்கொள்ளும். இதற்கு 8 அல்லது 10 எண் ஒற்றை முள் வேண்டும், ட்ரெபிளில் மிட்டாய் ஒழுங்காக ஏறாது.

கேள்வி: வீசும்போதெல்லாம் மாவு தனியாகவும் முள் தனியாகவும் பறக்கின்றன. முள்ளை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் குறை கையில்தான் இருக்கும், முள்ளில் அல்ல. மாவை முள்ளின் மேல் ஒட்டவைப்பது போதாது, வளைவுக்குள்ளும் தண்டைச் சுற்றியும் அழுத்தி நிரப்பி, காது வரை மூடி, மேலே குறுகிய நீர்த்துளி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். விரல்களை நனைத்துக்கொண்டு உருட்டினால் கையில் ஒட்டாது. உருட்டியதும் ஒரு முறை தண்ணீரில் தோய்த்து எடுத்தால் மேற்பரப்பு இறுகும். பிறகு கோலைச் சுண்டாமல், மெதுவாக வளைத்து வீசுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கழன்றால் ட்ரெபிளுக்கு மாறுங்கள். ஒற்றை முள்ளை விட மனமில்லை என்றால், தண்டில் சிறு கீறல் முட்கள் உள்ள பெயிட் ஹோல்டர் வகையை வாங்கலாம். அது புழுவுக்கென்று செய்யப்பட்டதுதான், ஆனாலும் மாவையும் ஓரளவு பிடிக்கும். வீட்டு மாவாக இருந்தால் பிசையும்போது சிறிது பஞ்சு இழைகளைப் பிய்த்துக் கலந்துவிடுங்கள், இழைகள் முள்ளைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். குப்பி மாவு பழசாகி உலர்ந்திருந்தால் எந்த முள்ளும் அதைப் பிடிக்காது. மூடியை இறுக்கமாக மூடி வைப்பதும் தூண்டில் வேலையில் சேர்ந்ததே.

இந்தக் குப்பி மாவுகளில் புகழ்பெற்ற பவர்பெயிட் 1988-இல் சந்தைக்கு வந்தது. அதைச் செய்யும் பெர்க்லி நிறுவனத்தை அயோவா மாநிலத்தின் ஸ்பிரிட் லேக்கில் 1937-இல் தொடங்கிய பெர்க்லி பெடெல் அப்போது பள்ளி மாணவர். செயற்கை ஈக்களைக் கையால் கட்டி விற்றுத் தொடங்கிய அவர் பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். ஈ கட்டிய கையில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் இன்று மாவோடு சேர்ந்தே சொல்லப்படுவது எனக்கு எப்போதும் சுவையான செய்தி.

கேள்வி: சென்ற வாரம் என் மீன் முள்ளை வயிறு வரை விழுங்கிவிட்டது. இடுக்கியால் பிடுங்கி எடுத்து விட்டேன், மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. இன்னும் மனம் ஆறவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கூட வேண்டும் என்றே விரும்புகிறேன்.

தொண்டைக்குக் கீழே போன முள்ளை ஒருபோதும் பிடுங்க வேண்டாம். அங்கே செவுள்களும் இதயமும் மிக அருகில் இருக்கின்றன, இடுக்கி செய்யும் காயம் முள் செய்யும் காயத்தைவிடக் கொடியது. மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நரம்பை வாயருகே கத்தரித்து விட்டுவிடுங்கள். முள்ளைப் பிடுங்கப்பட்ட மீன்களைவிட, நரம்பு கத்தரிக்கப்பட்ட மீன்கள் கூடுதலாகப் பிழைப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. உயிர் பிழைக்கும் மீன்களில் பல காலப்போக்கில் முள்ளை வெளியேற்றியும் விடுகின்றன. செவுளிலிருந்து குருதி வழிந்தால் அது பிழைப்பது அரிது, விதி இடம் தந்தால் அதை உங்கள் வரம்பில் சேர்த்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். வீணாக மிதக்க விடுவதைவிட அதுவே மீனுக்குச் செய்யும் மரியாதை.

விழுங்காமல் தடுப்பதற்கு, கோலைத் தாங்கியில் நிறுத்திவிட்டு நாற்காலிக்குப் போவதை முதலில் விடுங்கள். கையில் வைத்திருங்கள், நரம்பு நகர்ந்ததும் தளர்வைச் சுருட்டி, கோலை அளவாக உயர்த்துங்கள். மீன் இன்னும் நன்றாக எடுக்கட்டும் என்று எண்ணிக் காத்திருக்கும் நேரமே முள் உள்ளே போகும் நேரம். சர்க்கிள் ஹுக் எனப்படும், முனை உள்நோக்கி வளைந்த முள்ளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வேலை செய்ய வேண்டுமானால் சுண்டி இழுக்காமல் சீராக நரம்பை இறுக்க வேண்டும், தளர்ந்த நரம்போடு காத்திருக்கும் மாவுத் தூண்டிலில் அதன் பயன் குறைந்துவிடும். மாவு அதன் வாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. நான் அதை மாவுக்குக் கட்டுவதில்லை.

கேள்வி: பொன் நிற முள், சிவப்பு முள், வெண்கல நிற முள் இவற்றில் ட்ரவுட் எதை விரும்பும்?

மாவு முழுவதும் மூடிய பிறகு மீன் முள்ளைப் பார்ப்பதே இல்லை. நிறத்துக்காகக் கூடுதல் பணம் தராமல், கூர்மைக்குத் தாருங்கள்.

கேள்வி: முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளை நசுக்கிவிட்டால் எல்லா நீர்நிலைகளிலும் மாவு வைத்துப் பிடிக்கலாமா?

பிடிக்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு விதிகள். சில நீர்நிலைகளில் எதிர்முள் இல்லாத முள் மட்டும் அனுமதிக்கப்படும், அங்கே எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி மடக்கினால் போதும். வேறு சிலவற்றில் செயற்கை இரை மட்டும் என்ற விதி இருக்கும். கலிஃபோர்னிய விதிப்படி மணமோ சுவையோ ஏற்றிய இரை செயற்கை இரை என்ற வகையில் வராது. ஆகவே அங்கே குப்பி மாவை எந்த முள்ளில் வைத்தாலும் குற்றமே. கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு நீர்நிலைகளுக்கு இருவேறு விதிகள் இருக்கலாம், பருவத்துக்கேற்பவும் விதி மாறலாம். புறப்படும் முன் அந்த ஆண்டின் விதி நூலைப் பாருங்கள். 16 வயது நிறைந்தவர்களுக்கு மாநில உரிமம் வேண்டும். குவாரி லேக்ஸ் போன்ற பூங்கா ஏரிகளில் அதற்கு மேல் பூங்காவின் நாள் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

விதி கேட்காத இடத்திலும் எதிர்முள்ளை நசுக்குவதில் ஒரு நன்மை உண்டு. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் ஒற்றை முள்ளையே கட்டி, எதிர்முள்ளை மடக்கிவிடுங்கள். விரலில் தைத்தால் வந்த வழியே எளிதாக வெளியே வரும்.

கேள்வி: ஒரு முள்ளை எத்தனை மீனுக்குப் பயன்படுத்தலாம்?

மீன் கணக்கு வேண்டாம், நகத்தில் சோதியுங்கள். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து மெல்ல இழுத்தால், கூரிய முள் பற்றிக்கொண்டு நிற்கும், மழுங்கிய முள் வழுக்கும். கல்லில் உரசி மாட்டிய முள்ளை ஒவ்வொரு முறையும் இப்படிப் பார்த்துவிட்டே மறுபடி வீசுங்கள். 16, 18 எண் முட்களைத் தீட்ட முயல வேண்டாம், கம்பி தேய்ந்து முனை வளைந்துவிடும். புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, பழைய முள்ளை மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அத்துடன் கத்தரித்த நரம்புத் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை கரையில் கிடந்தால் நீர்ப்பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.