ஆப்கான் அகதிக் குடும்பங்களுக்கு ஊர்மக்கள் என்ன செய்ய முடியும்?

அரசின் உதவி இருக்கும்போது ஊர்மக்களுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவில், 1979 இல் வியட்நாம் அகதிகள் வந்த காலத்திலேயே வேரூன்றிய தனியார் ஆதரவுத் திட்டத்தின்படி, ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குழுவாகச் சேர்ந்து, ஓர் அகதிக் குடும்பத்தின் வாடகை, உணவு, உடை ஆகியவற்றுக்குப் பொதுவாக 12 மாதங்கள் பொறுப்பேற்க முடிந்தது; 2024 நவம்பர் இறுதியில் இத்தகைய குழுக்களின் புதிய விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2021 இல் காபூல் தாலிபான் வசமான பின் வந்த ஆப்கானியர் பலருக்கும் இவ்வழி கைகொடுத்தது. பணத்தைக்கூடத் திரட்டிவிடலாம், உடனிருப்பதுதான் கடினம் என்பேன். தாரி மொழி மட்டுமே அறிந்த தாய் மருத்துவரிடம் செல்லும்போது, பள்ளி செல்லும் மகனை மொழிபெயர்க்க வைக்காமல், இயன்றவரை ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். பனிக்காலணி வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், ஒருமுறை பேருந்தில் உடன் சென்று இறங்குமிடத்தைக் காட்டிவிட்டால், அடுத்த வாரம் ஹலால் இறைச்சிக் கடைக்கு அவர்களே போய்வருவார்கள்.