சில்வர் ஓக் பருக்கவில்லை, என்ன ஊற்றலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காடு மலையில் 4 ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். நிழலுக்கும் மிளகு ஏற்றவும் முழுக்க சில்வர் ஓக்தான். நட்டு 12 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் கடகடவென்று வளர்ந்த மரங்கள் இப்போது பருமன் பிடிக்காமல் நிற்கின்றன. போன கோடையில் பல மரங்களில் நுனி காய்ந்துவிட்டது. பூமி சூடானால் மலையில் மரம் வேகமாக வளரும் என்று ஒருவர் பேசியதை செல்போனில் கேட்டேன். அப்படியானால் என் மரம் ஏன் நின்றது? உரக்கடையில் வளர்ச்சி ஊக்கி ஒன்றை வேரில் ஊற்றச் சொல்கிறார்கள். எந்த அளவில் ஊற்றலாம்?

பதில்: ஊற்ற வேண்டாம். அந்தக் காசை வைத்திருங்கள், கீழே வேறு வேலை சொல்கிறேன்.

செல்போனில் கேட்டது பொய்யில்லை. ஆனால் அது இமயத்தின் உயரமான காடுகளுக்கும் பனி மூடும் மலைகளுக்கும் பொருந்தும். அங்கே மரத்தை வளரவிடாமல் பிடித்து வைப்பது குளிர். சூடு கூடினால் வளரும் நாட்களும் கூடும். ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலையில் ஜனவரி தொடங்கி, காபியைப் பூக்க வைக்கும் பூமழை வரும்வரை மண்ணில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதே கணக்கு. காற்று 1 டிகிரி சூடானால் அதனால் ஏந்த முடிகிற நீராவி 7 சதவீதம் அளவுக்குக் கூடும். மழை அதே அளவு பெய்தாலும், இலையிலும் மண்ணிலும் இருந்து கூடுதலாக இழுத்துக்கொள்ளும். மலையில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியானால் 1 டிகிரி சூடு கூடுவது, உங்கள் தோட்டத்தை 150 மீட்டருக்கு மேல் சேலத்தை நோக்கி இறக்கி வைத்ததற்குச் சமம். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மரம் பருப்பது பெரும்பாலும் இரவில். காற்று ஈரமாகி, தண்டுக்குள் நீர் அழுத்தம் ஏறினால்தான் புது மரத்திசு விரியும். வறட்சியில் இலை உணவு தயாரிப்பதை நிறுத்துவதற்கு முன்பே தண்டு பருப்பது நின்றுவிடும். உங்கள் மரத்துக்குக் குறைவது தண்ணீர். ஏப்ரல் மண்ணில் ஊக்கியென்றும் உரமென்றும் உப்புச் சத்தை ஊற்றினால் வேர் நீர் எடுப்பது இன்னும் கஷ்டமாகும். உரம் வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தால், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். போடுவதானாலும் மழைக்காலத்தில் போடுங்கள்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 4 ஏக்கரிலும் ஏன் ஒரே மரம்? சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்தது. நேராகப் போகும், மிளகுக்கு வசதி, சீக்கிரம் விற்கலாம். அதற்காகத்தான் நட்டோம். ஆனால் நிழல் மெல்லியது, சருகு மட்கவும் நாளாகும். நம் மலையின் அத்தி, கல் இச்சி, பலா, நாவல், சந்தன வேம்பு இவற்றையெல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டும் நம்பியதுதான் இந்த மலையில் நாம் செய்த பெரிய கேடு என்று எப்போதும் சொல்லி வருகிறேன். அத்தி, இச்சி வகைகளைக் காபி நிழலுக்கு முதல் தரம் என்று காபித் துறையினரே நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். விரிந்த தலை, ஆழமான வேர், எளிதில் மட்கும் சருகு. அவற்றின் அடியில் மார்ச் மாதத்தில் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பிறகு சில்வர் ஓக் அடியிலும் தொட்டுப் பாருங்கள். நான் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

இதற்கு நாற்று வாங்கவும் வேண்டாம். அத்தி, இச்சியில் கை மொத்தத்தில் ஆறடிக் கிளையைப் போத்தாக வெட்டி, மேல் வெட்டில் சாணி அப்பி, ஜூன் மழையோடு நடுங்கள், போதும். நுனி காய்ந்த ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒன்று. போத்தாக நடும் கல்யாண முருங்கையை முன்புபோல நம்ப முடியாது. முடிச்சுக் குளவி வந்த பிறகு இலையும் குருத்தும் வீங்கிப் பல தோட்டங்களில் பட்டுப்போயிற்று.

நுனி காய்ந்ததைப் பார்த்து மர வியாபாரி அட்வான்ஸோடு வருவார். “மொத்தமாக வெட்டிவிடலாம், மரம் எப்படியும் சாகப்போகிறது” என்பார். அவருக்கு லாரி நிறைய வேண்டும், உங்கள் காபி எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஒரே வருடத்தில் நிழலை எடுத்தால் வெயில் பட்ட அராபிகா காபிச் செடியில், தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு குடியேறும். போத்து தழைத்துத் தலை விரிக்க விரிக்க, பக்கத்து சில்வர் ஓக்கை ஒவ்வொன்றாக எடுங்கள். கிளை கழிப்பதையும் கோடையில் செய்யாதீர்கள், மழை தொடங்கும்போது செய்யுங்கள்.

அப்புறம் களைக்கொல்லி. சரிவில் அதை அடித்து மண்ணை மொட்டையாக்குவதும், சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் வேரின் வாயில் போகும் தண்ணீரைத் தட்டிவிடுகிற வேலை. களையைக் கத்தியால் அறுத்து அங்கேயே போடுங்கள். காபி வரிசைகளுக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காகத் தொட்டில் குழி, அதாவது மழைநீரைப் பிடித்து வைக்கும் நீளக் குழி, எடுத்துச் சருகால் நிரப்புங்கள். ஊக்கிக்கு வைத்திருந்த காசு இந்தக் கூலிக்குப் போகட்டும்.

காய்ந்த நுனி மறுபடி துளிர்க்காது. காய்ந்த பாகத்தைப் பச்சை வரை அறுத்துவிடுங்கள். தண்டுத்துளைப்பான் வண்டு ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பறக்கும். அதற்கு முன்பே, நிழல் குறைந்த இடத்துக் காபிச் செடிகளின் தண்டில் வரிமேடு, அதாவது புழு குடைந்த இடத்தில் பட்டை வரியாகப் புடைத்திருப்பது, இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் வேரோடு பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே வைத்து எரித்துவிடுங்கள்.