காயம்பட்ட பறவையைக் கொண்டுபோக, கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

"எனக்குப் பறவை, விலங்குகளைப் பிடிக்கத் தெரியாது, கார் மட்டும் இருக்கிறது. காயம்பட்டவற்றை மீட்பு மையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தன்னார்வலராக நான் சேரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு ஆறு வருடமாக நான் செய்வது இதைத்தான். இன்றுவரை ஒரு பருந்தைக்கூட என் கையால் பிடித்ததில்லை.

வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "காப்பாத்துறவங்க வேற, நீங்க வெறும் டிரைவர்தானே மாமா" என்று என் மச்சான் ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் கேட்டான். அன்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன். இங்கே பதில் சொல்கிறேன்.

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிறு காலை. எங்கள் குழுவில் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் கல்லூரிப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், உங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கூகை ஆந்தை. மாஞ்சா நூல் சிக்கியிருக்கு. வனத்துறைக்குச் சொல்லியாச்சு, கிண்டி மீட்பு மையத்துக்குக் கொண்டு போகணும்." கண்ணாடித்தூள் பூசிய காற்றாடி நூல்தான் மாஞ்சா. சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது. ஆனால் நூல் இன்னும் மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

கூகை ஒரு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒடுங்கியிருந்தது. சுற்றிலும் காக்கைக் கூட்டம். பகலில் வெளியே மாட்டிக்கொண்ட கூகையை அவை லேசில் விடாது. வலது இறக்கையில் நூல் தோலை அறுத்து ரத்தம் உறைந்திருந்தது. பிடிக்கத் தெரிந்த பையன் பழைய வேட்டியால் போர்த்தி எடுத்து அட்டைப்பெட்டிக்குள் விட்டான். காவலாளிப் பெரியவர் என் காருக்குக் குறுக்கே வந்து நின்றார். "வேணாம் சார், அது சாக்குருவி. வண்டியில ஏத்துனா குடும்பத்துக்கு ஆகாது." அவரைக் குறை சொல்லமாட்டேன், என் பாட்டியும் அதையே சொல்லித்தான் எங்களை வளர்த்தார். "ஐயா, இந்தத் தெருவுல எலியைத் தின்னுறதே இதுதான்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் என் வேலை. பெட்டி முன் இருக்கைக்குப் பின்னால் தரையில், ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை. பாட்டு கிடையாது, போன் கிடையாது. தண்ணீர் ஊட்டக்கூடாது, பால் கூடவே கூடாது. அரைமயக்கத்தில் இருக்கும் உயிருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். திறந்து பார்க்கவும் கூடாது. காட்டுயிருக்கு நம் முகத்தைப் பார்ப்பதே பெரிய பயம். அந்தப் படபடப்பிலேயே செத்துப்போவதும் உண்டு.

பெட்டிக்குள் இருந்து, குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வருமே, அப்படி ஒரு சீறல் வந்துகொண்டே இருந்தது. பல்லாவரம் தாண்டியதும் நின்றுவிட்டது. அடங்கிவிட்டதா, உயிர் போய்விட்டதா? மூடியைத் தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை. கத்திப்பாரா வரை வயிற்றைப் பிசைந்துகொண்டே ஓட்டினேன். வெறும் டிரைவர் என்று சொன்ன மச்சான் அந்த அரைமணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கவேண்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். உள்தெருக்களில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடை! 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலை விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு அளவு வைத்திருக்கிறது. எங்கள் பகுதியில் இருப்பவை குட்டிச்சுவர்கள், வெள்ளைக்கோடும் கிடையாது. பெட்டிக்குள் இருக்கும் பறவையை விடுங்கள், பிரசவ வலியோடு போகும் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன்.

"மனுஷனுக்கே ஆம்புலன்ஸ் இல்லை, ஆந்தைக்குக் காரா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். என் பெட்ரோல், என் ஞாயிற்றுக்கிழமை. யாருடைய ஆம்புலன்ஸையும் நான் நிறுத்தவில்லை. வீட்டிலேயே வைத்துத் தேற்றலாமே என்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பாசத்தில் செய்தாலும் குற்றம்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எங்கே கிடைத்தது என்பதைப் பெட்டி மூடியிலேயே எழுதுங்கள். தேறிய பிறகு அதே இடத்தில்தான் விடவேண்டும், அதன் இரையும் இருப்பிடமும் அங்கேதான். ஐந்து வாரம் கழித்து அந்தக் கல்லூரிப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், மூடியில நீங்க எழுதின அட்ரஸ்தான். திரும்பக் கொண்டு வந்து விடணும்."

காக்கைகள் அடைந்த பிறகு, அதே மாடி. பெட்டியைச் சாய்த்ததும் கூகை தொட்டி விளிம்பில் ஏறி, தலையை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தது. அப்புறம் துளிச் சத்தமில்லாமல் ரயில்பாதைப் பக்கம் போய்விட்டது. பெரியவர் படிக்கட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எலி பிடிக்கும்ல சார்?" என்றார்.

காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, பழைய பருத்தி வேட்டி, மார்க்கர் பேனா மூன்றையும் டிக்கியில் போட்டு வையுங்கள். துவாலை வேண்டாம், அதன் நூலில் நகம் மாட்டும். கத்திரி வெயிலில் பருந்துகள் மயங்கி விழ ஆரம்பித்தால் ஒரே நாளில் நாலைந்து அழைப்பு வரும்.