வளைவு முடிச்சுப் போடுவது ஏன்?

கிராஸ்ஹாப்பரில் (ரைனோ 3டி மென்பொருளில் கட்டங்களை இணைத்து வடிவம் உருவாக்கும் கருவி) ரேண்டம் புள்ளிகளை இன்டர்போலேட்டில் (எல்லாப் புள்ளிகளையும் தொட்டு வளைவு வரையும் கட்டம்) இணைத்தால் வளைவு தன்மேலேயே முடிச்சுப் போடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ், ஒய் இரண்டையும் ரேண்டமாக விட்டால் அடுத்த புள்ளி முந்தையதற்குப் பின்னால் போய் விழும், அதுதான் காரணம். ஒரு நேர்கோட்டை டிவைட் கர்வ் வைத்து 12 பகுதியாகப் பிரித்து, புள்ளிகளை ரேண்டம் தரும் அளவுகளில் கோட்டுக்குச் செங்குத்தாக மட்டும் நகர்த்துங்கள். கவனம், 12 பகுதிக்கு 13 புள்ளிகள் வரும். ரேண்டம் தரும் மதிப்புகளின் எண்ணிக்கையும் 13 ஆக இருக்கட்டும், இல்லையென்றால் கடைசி மதிப்பே திரும்ப வந்து நிற்கும்.

அப்புறம் இன்டர்போலேட்டுக்குப் பதில் நர்ப்ஸ் கர்வ் போடுங்கள். இடைப் புள்ளிகளைத் தொடாமல் அருகே நழுவிப் போகும், கட்டட முகப்புக்கு அந்த நெளிவுதான் அழகு. தொட்டே ஆக வேண்டுமென்றால் இன்டர்போலேட்டில் நாட்ஸ்டைலை (புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை வளைவு கணக்கில் எடுக்கும் முறை) 1 ஆக்கிப் பாருங்கள். ரேண்டமின் சீடை (எந்த மதிப்புகள் வரும் என்பதை முடிவு செய்யும் எண்) ஸ்லைடரில் மாட்டிவிட்டால் பிடித்த வடிவம் வரும்வரை நகர்த்தலாம்.