ஆஸ்பத்திரியில் சர்க்கரை 170 இருக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஞ்சியோகிராமில் மூன்று அடைப்பு. அடுத்த மாதம் பைபாஸுக்கு மறுபடி அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வெறும் வயிற்றில் 110 இருந்த சர்க்கரை, அங்கே போனதும் 286. மாத்திரைகளை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். 170 வந்ததும் "இது போதும்" என்று விட்டுவிட்டார்கள். இணையத்தில் "நார்மல்" எண்ணைப் படித்துவிட்டுப் பொறுக்காமல் மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் வீட்டிலிருந்த கிளிமிபிரைட் மாத்திரையைக் கொடுத்தான். (விடியற்காலை அப்பாவுக்குப் பனியன் நனைகிற அளவு வியர்த்தது, என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார். தூக்கக் கலக்கம் என்று ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஆறு மணிக்கு சிஸ்டர் பார்த்தபோது 58. குளுக்கோஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது.) இவ்வளவு சர்க்கரையோடு ஆபரேஷன் செய்தால் புண் ஆறுமா? இன்சுலின் இனி ஆயுசுக்குமா? டிரிப்ஸில் குளுக்கோஸ் ஏறுமா? ஆவாரம்பூ கஷாயம் கொடுக்கலாமா? எச்பிஏ1சி 7.4. இப்போது மெட்டோபுரோலால், டாபாகிளிப்ளோசின், காலை ராத்திரி இன்சுலின் போகிறது.

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் கடந்துபோன வரிகளில்தான் என் கண் நின்றது. அந்த விடியற்காலை உங்கள் அப்பா பெரிய ஆபத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியிருக்கிறார். சர்க்கரை ஏறிக் கிடக்கிறதே என்று நீங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரத்தில், அது இறங்கியிருக்கிறது.

முதலில் 286. மாரடைப்பு வந்தால் உடம்பு அதை ஒரு தாக்குதலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்டிசால் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். கல்லீரல் கையிருப்பிலுள்ள சர்க்கரையை வெளியே விடும். சர்க்கரை நோயே இல்லாதவருக்குக்கூட அன்று எண் ஏறும். இதய வலி தணியத் தணிய அதுவும் இறங்கும். அதனால் முதல் நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு வீட்டில் 110 இருந்ததே என்று ஒப்பிடாதீர்கள். அந்த 110 வெறும் வயிற்று எண். எச்பிஏ1சி 7.4 என்றால் மூன்று மாதச் சராசரி சுமார் 165. அதாவது வீட்டிலும் அப்பா பாதி நேரம் நீங்கள் பயந்த அந்த 170-க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்; நீங்கள் குத்திப் பார்த்தது காலையில் மட்டும்.

ஆஸ்பத்திரியில் 140-லிருந்து 180-க்குள் வைப்பது அலட்சியம் இல்லை. அதுதான் இலக்கு. ஒரு காலத்தில் ஐசியூவில் இருப்பவர்களுக்கும் 110-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினோம். 2009-இல் 'நைஸ் சுகர்' என்ற பெரிய ஆய்வு வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகள். 81-லிருந்து 108-க்குள் இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளில் இறந்தவர்கள் 27.5 சதவீதம். 180-க்குள் இருந்தால் போதும் என்று விட்டவர்களில் 24.9 சதவீதம். சர்க்கரை 40-க்கோ அதற்கும் கீழேயோ சரிந்தது முதல் கூட்டத்தில் 6.8 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 0.5. அப்புறம்தான் உலகம் முழுக்க கையைத் தளர்த்தினோம். அண்ணன் இணையத்தில் படித்த "நார்மல்" எண், வீட்டில் நடமாடுகிற ஆளுக்கானது.

இப்போது அந்த வியர்வைக்கு வருகிறேன். கிளிமிபிரைட் கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. ஆள் சாப்பிட்டாரா, பட்டினியா என்று அதற்குத் தெரியாது. ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். ஆஸ்பத்திரி ராத்திரியில் அப்பா எவ்வளவு சாப்பிட்டிருப்பார்? இரண்டு கரண்டி கஞ்சி? அதன்மேல் ஏற்கெனவே போட்ட இன்சுலின், அதற்கும் மேல் சிஸ்டருக்குத் தெரியாமல் இந்த மாத்திரை. சர்க்கரை சரிந்ததும் உடம்பு மறுபடி அட்ரினலினைக் கொட்டும். ரத்தம் போதாமல் திணறுகிற இதயத்தை அது விரட்டும், பொட்டாசியம் இறங்கும், துடிப்பு தாளம் தப்பும். அண்ணனுக்கு அப்பா மேல் பாசம் இல்லாமலா கொடுத்தார்? ஆனால் வீட்டு மாத்திரையை வார்டுக்குள் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைத்துச் சொல்லத் தெரியவில்லை.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவருக்கு இந்த இரண்டும் மங்கிப்போகும். அந்த மாத்திரையின் வேலையே படபடப்பை அடக்குவதுதான். மிஞ்சுவது வியர்வை, அதை அது மறைக்காது. சில்லென்ற வியர்வை, கூடவே பேச்சு குழறல், பேர் மாறுதல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் அல்லது அசதி. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு அம்மா, "இன்னிக்குத்தான் அசந்து தூங்குறார், எழுப்பாதீங்க" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். கட்டிலைத் தொட்டேன். தலையணை உறை ஈரம். குத்திப் பார்த்தால் 34. அன்றிலிருந்து வார்டில் யார் நன்றாகத் தூங்குகிறார் என்று சொன்னாலும் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அதே வியர்வைக்கு இன்னொரு காரணமும் உண்டு: மாரடைப்பு. பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் வியர்வையாகவும் மூச்சுத் திணறலாகவும் அது வரலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லும் கருவி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அப்பாவுக்கு வியர்த்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழித்து விழுங்குகிற நிலையில் இருந்தால், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், அவை மெதுவாக ஏறும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்துங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சாதமோ கொடுங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எண் நன்றாக இருந்தும் வியர்த்தால், அது இதயம் என்றே நினைத்து அதே 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வார்டில் இருக்கும்போது இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டாம். சிஸ்டரைக் கூப்பிட்டு "வியர்க்குது, சுகர் பாருங்க" என்று சொன்னால் போதும். இன்னொன்று கவனியுங்கள். ஏழு மணிக்கு ஊசி போட்டுவிடுவார்கள், இட்லி எட்டரைக்கு வரும். நடுவில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வீல்சேரில் கூட்டிப்போய் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் சர்க்கரை சரியும். "ஊசி போட்டாச்சு, இன்னும் சாப்பிடல" என்று வாய் திறந்து சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்ற கேள்விகள். இன்சுலின் ஆயுசுக்கா? உங்கள் 7.4-ஐப் பார்த்தால் பெரும்பாலும் இல்லை. ஆபரேஷன் முடிந்து புண் ஆறிய பிறகு மாத்திரைக்கே திரும்பலாம். அதை முடிவு செய்வது உங்கள் டாக்டர். பைபாஸ் முடிந்ததும் ஐசியூவில் இன்சுலினை டிரிப்ஸாகவே ஏற்றி அடிக்கடி குத்திப் பார்ப்பார்கள். பார்த்துப் பயப்படாதீர்கள். 180-க்குள் வைத்தால் நெஞ்செலும்புப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறையும், அதற்காகத்தான் அவ்வளவு கவனம். டிரிப்ஸ் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அடிக்கடி குத்துவதால் விரலில் விழும் கறுப்புப் புள்ளிகள் போய்விடும். ஆவாரம்பூ கஷாயம் இப்போது வேண்டாம். இன்சுலினோடு சேர்ந்து என்ன செய்யும் என்று வார்டில் யாராலும் கணக்குப் போட முடியாது.

டாபாகிளிப்ளோசின் சர்க்கரை மாத்திரைதான், இதயத்துக்கும் நல்ல மருந்து. ஆனால் பைபாஸுக்கு மூன்று நாள் முன்னாலாவது அதை நிறுத்த வேண்டும். சாப்பிடாமல் ஆபரேஷனுக்குப் போகிற உடம்பில் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடலாம், அதுவும் சர்க்கரை எண் சாதாரணமாக இருக்கும்போதே. எந்த நாளில் நிறுத்துவது என்று இப்போதே சர்ஜனிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் மெட்பார்மினையும் நிறுத்திவிட்டார்கள் என்று அண்ணன் கோபப்பட்டிருந்தால், அதற்கும் காரணம் உண்டு. ஆஞ்சியோகிராமுக்கு ஏற்றும் சாயம் சிலருக்குக் கிட்னியைச் சோர்வாக்கும். அப்போது அந்த மாத்திரை உடம்பில் தேங்கும். இரண்டு நாள் கழித்துக் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி தருவார்கள்.

அட்மிட் ஆகிற அன்று வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு சிஸ்டர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், இது கொஞ்சம் சங்கடமான வேலைதான், செய்தாக வேண்டும்: போன முறை ராத்திரி மாத்திரை கொடுத்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் அந்த 58 இன்சுலினால் வந்ததாகத்தான் பதிவாகியிருக்கும். அதை நம்பி, வரப்போகும் ஆபரேஷனுக்கு இன்சுலின் அளவைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள்.