மூணு லோன் ஆப்பும் ஒரு எஸ்ஐபி ஆசையும்

கேள்வி: கோவைல இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல். எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சதால தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபா வருது, லீவு நாள்ல கேட்டரிங் போனா மாசம் 3,000 கிடைக்கும். மெஸ் பில்லுக்கு லோன் ஆப்ல வாங்கினேன். 5,000னு போட்டு கைக்கு 4,000 தான் வரும், 15 நாள்ல முழுசா கட்டணும். அதை அடைக்க இன்னொரு ஆப்னு இப்ப மூணு ஆப்ல 15,000 நிக்குது. அம்மாவுக்குத் தெரியாது, மகளிர் குழுவுல வாங்கித்தான் ஃபீஸ் கட்டினாங்க. மாசம் 500 எஸ்ஐபியோ (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடுறது) டிஜிட்டல் கோல்டோ போட்டா சமாளிக்கலாமா?

பதில்: தம்பி, எஸ்ஐபியை விடுங்க. 4,000 வாங்கி 15 நாள்ல 1,000 சேர்த்துக் கட்டுறீங்கன்னா மாசத்துக்கு நூத்துக்கு அம்பது வட்டி, நம்ம ஊர்ல பத்து வட்டி வாங்குறவரையே கந்துவட்டிக்காரர்னு சொல்வோம். மூணு ஆப்பையும் சும்மா புரட்டிக்கிட்டே இருக்க மட்டும் மாசம் 6,000 ஆகுது, உங்க வருமானமே 4,000, அப்ப மாசாமாசம் 2,000 புதுக் கடன். மாசம் 500 போட்டு நல்ல வருஷமா அமைஞ்சு 12% வந்தாக்கூட வருஷக் கடைசில லாபம் ஒரு 400 ரூபா, இந்த ஆப்களுக்கு அது ரெண்டு நாள் வட்டி. டிஜிட்டல் கோல்டுல வாங்கும்போதே 3% ஜிஎஸ்டி போயிடும், அதை எதுக்கு எல்லாரும் புடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்கன்னே புரியல.

இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லுங்க. திட்டுவாங்க, பரவால்ல. குழுவுல 15,000 ரெண்டு வட்டிக்குக் கிடைச்சாக்கூட மாசம் 300 தான், மூணையும் ஒரே நாள்ல அடைச்சுட்டு மாசம் 1,500 கட்டினா ஒரு வருஷத்துல முடியும். அடைச்சதும் ஆப்பைத் தூக்கிடுங்க. போன்ல இருக்கிற நம்பருக்கெல்லாம் கூப்பிடுவோம்னு மிரட்டினா சைபர் கிரைம் நம்பர் 1930க்குப் புகார் பண்ணுங்க, கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சு.

மெஸ் பில் அடுத்த மாசமும் வரும்ல? எய்டட் ஸ்கூல்ங்கிறதால, ஹாஸ்டல் செலவையும் அரசே கட்டுற அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5% ஒதுக்கீடு உங்களுக்கு இல்ல, ஆனா கல்விக்கடன்ல ஹாஸ்டல், மெஸ் செலவும் சேரும், மீதி ரெண்டு வருஷத்துக்கும் கேக்கலாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் வேண்டாம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்சாப் போதும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா வட்டி மானியம் கிடைக்குமான்னும் சேர்த்துக் கேளுங்க. வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டு அந்த நம்பரோட பேங்குக்குப் போங்க, மேனேஜர் இழுத்தடிச்சா முடியாதுங்கிறதை எழுதிக் கொடுங்கன்னு கேளுங்க.